குடும்பக் கதையை 16 பக்கப் படப் புத்தகமாக்குவது: முதல் யோசனை முதல் அச்சு வரை

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு, அதாவது ஏறத்தாழ 5 முதல் 7 வயதுக்கு, குடும்பத்தை வைத்து ஒரு படப் புத்தகம் தயாரிக்கும் வேலையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஆசிரியர்கள், பெற்றோர், முதல் புத்தகம் போட நினைக்கும் எழுத்தாளர்கள் என்று பலரோடு உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோருக்கு எழுத வருகிறது. தடுமாறுவது வரிசையில்தான். ஓவியம் முடிந்த பிறகு கதையை மாற்றுகிறார்கள், கோப்பு தயாரான பிறகு புத்தகத்தின் அளவை யோசிக்கிறார்கள். அப்புறம் பணமும் போகிறது, ஓவியரின் பொறுமையும் போகிறது.

புரிவதற்காக ஒரே கதையைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு சிறுமி வீட்டில் எல்லோருக்கும் தட்டு வைக்கிறாள். இருப்பவர்கள் ஐந்து பேர். அவள் வைப்பது ஆறு தட்டு. அவ்வளவுதான் கதை.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

வெள்ளை ஏ4 தாள் கொஞ்சம், பென்சில், ஸ்டேப்ளர், அளவுகோல். கணினியில் யூனிகோட் தமிழ்த் தட்டச்சு. வாசித்துப் பார்க்க அக்கம்பக்கத்தில் நாலைந்து குழந்தைகள். உங்கள் சொந்தப் பிள்ளை மட்டும் போதாது. நீங்கள் எதைச் சொன்னாலும் அது சிரிக்கும்.

இன்னொன்று, இந்த வயதுக்கு வந்திருக்கும் தமிழ்ப் படப் புத்தகங்கள் ஒரு பத்தாவது வேண்டும். சென்னையிலிருந்து வரும் தூலிகா, தாரா பதிப்பகங்கள், நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் என்று தேடினால் கிடைக்கும். கதைக்காகப் படிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் எத்தனை சொல், எந்த இடத்தில் எழுத்தே இல்லாமல் படம் மட்டும் வருகிறது, தாளைத் திருப்புவதற்கு முந்தைய வரி எப்படி முடிகிறது என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்தப் பயிற்சியையும்விட இது சீக்கிரம் கற்றுத்தரும்.

2. வாசிக்கப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள்

குழந்தை தானே வாசிக்கும் புத்தகம் வேறு, பெரியவர் வாசிக்கக் குழந்தை கேட்கும் புத்தகம் வேறு. இரண்டாவது வகையில் நீளமான வாக்கியமும் புதுச் சொல்லும் தாராளமாக வரலாம், வாசிப்பவர் குரலால் சமாளித்துவிடுவார். முதல் வகையில் ஒவ்வொரு எழுத்தும் குழந்தைக்கு உழைப்பு.

இதை முதலிலேயே முடிவு செய்யாதவர்களின் கையெழுத்துப் பிரதி பாதிவரை எளிதாகப் போகும், திடீரென்று “கூட்டுக்குடும்பத்தின் ஒற்றுமை” என்று ஒரு வரி வந்து நிற்கும். அது பெற்றோரைப் பார்த்து எழுதிய வரி.

அளவுக்கு ஒரு குறிப்பு வேண்டுமென்றால், ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகளுக்கு 250 சொல்லுக்குள் என்று வரம்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்திருக்கிறார்கள். உங்கள் புத்தகம் எந்தப் படிக்கு என்று அட்டைக்குள் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் தட்டுக் கதை முதல் படி. 50 சொல்லுக்குள் அடங்கும்.

3. குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு செயலைப் பிடியுங்கள்

“குடும்பம்” என்று தலைப்பை எழுதிவிட்டு உட்கார்ந்தால் கை தானாக எழுதுவது இதுதான்: இது என் அப்பா. அவர் வேலைக்குப் போவார். இது என் அம்மா. அவர் அன்பாகச் சமைப்பார். இது என் தாத்தா. அவர் கதை சொல்வார். இது அறிமுகப் பட்டியல். இந்தப் பட்டியலில் யாரையும் இடம் மாற்றிப் போடலாம், ஒருவரைத் தூக்கிவிடலாம், ஒன்றும் ஆகாது. எதுவும் ஆகாத இடத்தில் குழந்தை தாளைத் திருப்பாது.

அதற்குப் பதிலாக, வீட்டில் பலரும் சேர்ந்து செய்யும், அல்லது ஒரே பொருளைச் சுற்றி நடக்கும் ஒரு சின்ன வேலையை எடுங்கள். தண்ணீர் லாரி வந்ததும் குடம் எடுத்து ஓடுவது, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், ஒரே குடைக்குள் மூன்று பேர், மின்சாரம் போன இரவு மொட்டைமாடியில் பாய் போடுவது, ஊருக்குப் போகும் பஸ்ஸில் யார் ஜன்னல் ஓரம் என்ற சண்டை. செயலுக்குத் தொடக்கம், நடு, முடிவு தானாகவே இருக்கிறது. உறவு அதற்குள் தெரிந்துவிடும். யார் யாருக்கு என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

செயல் கிடைத்ததும் அதற்கு ஒரு கேள்வி வேண்டும். தட்டுக் கதையில் “ஆறாவது தட்டு யாருக்கு?” என்பதுதான் அது. கேள்வியை ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால் கதை இன்னும் பிடிபடவில்லை, அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அப்புறம், எந்தக் குடும்பம் என்பது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், வெள்ளை முடிவைத்த தாத்தா பாட்டி, எல்லோரும் சோபாவில். இந்தப் படத்தை எத்தனை பேர் வரைந்து கொண்டுவந்துவிட்டார்கள்! வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். அம்மாச்சி வீட்டில் வளர்பவர்கள், அப்பா வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பவர்கள், அம்மா மட்டும் இருப்பவர்கள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எல்லோரும் உண்டு. அதற்காகக் கதையைப் பாவப்பட்ட கதையாக்க வேண்டாம். தட்டுக் கதையில் அப்பா லாரி ஓட்டுநர், மாமா கூடவே இருக்கிறார். இதில் சோகம் எதுவும் இல்லை, அந்த வீடு அப்படி.

4. உறவுப் பெயரையும் மரியாதை விகுதியையும் உறுதி செய்யுங்கள்

இது மொழித் திருத்தம் என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தள்ளக் கூடாது. ஏனென்றால் கதை நடக்கும் ஊரையும் வீட்டையும் இது தீர்மானிக்கிறது, ஓவியர் அதைப் பார்த்துத்தான் வரைவார்.

அப்பாவின் அம்மாவை மதுரைப் பக்கம் அப்பத்தா என்பார்கள், நெல்லையில் ஆச்சி, கொங்கு வட்டாரத்தில் ஆத்தா, யாழ்ப்பாணத்தில் அப்பம்மா. முஸ்லிம் வீடுகளில் அப்பா, அம்மா என்பதே ஊருக்கு ஊர் வாப்பா, அத்தா, உம்மா என்று மாறும். எது வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் அந்த வீட்டில் மற்ற உறவுகளும் அதே ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். அப்பத்தா இருக்கும் வீட்டில் “அங்கிள்” திடீரென்று வந்தால் உதைக்கும். எல்லா ஊருக்கும் போக வேண்டிய புத்தகம் என்றால் பாட்டி, தாத்தா பாதுகாப்பானது. என்னைக் கேட்டால் வட்டாரப் பெயரைத்தான் வைப்பேன். வேறு ஊர்க் குழந்தை படத்தைப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

மரியாதை விகுதியில்தான் பெரிய தடுக்கல். “அப்பா வந்தார், அம்மா வந்தாள்” என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. ஒரே வீட்டில் ஒருவருக்கு ‘ஆர்’, இன்னொருவருக்கு ‘ஆள்’. குழந்தை அதையும் சேர்த்துத்தான் படிக்கிறது. இரண்டு பேருக்கும் ‘ஆர்’ போடுங்கள். “அம்மா வந்தார்” என்பது காதுக்கு விறைப்பாக இருக்கிறது என்றால், அந்த வினையே வராமல் வாக்கியத்தை அமைக்கலாம். “அம்மாவுக்கு ஒரு தட்டு” என்பதில் விகுதிப் பிரச்சினையே கிடையாது.

5. எழுதுவதற்கு முன் டம்மி மடியுங்கள்

நான்கு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் பின் அடித்தால் 16 பக்கம். பக்க எண்ணைப் பென்சிலால் போடுங்கள். இதுதான் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம்.

ஏன் 16? நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கம் வரும். அதனால் மொத்தம் நான்கின் மடங்காக இருந்தே ஆக வேண்டும்: 12, 16, 20, 24. “என் கதை 18 பக்கம்” என்று யாராவது சொன்னால் அவர்கள் டம்மி மடிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது பிரித்துப் பாருங்கள். 1ஆம் பக்கம் தலைப்புக்குப் போய்விடும், 16ஆம் பக்கம் தனியாக நிற்கும். நடுவில் 2-3, 4-5 என்று தொடங்கி 14-15 வரை ஏழு இரட்டைப் பக்கங்கள். கதைக்கு உங்களிடம் இருப்பது இந்த ஏழு காட்சிகள்தான். கூடவே கடைசியில் ஒரு சின்ன இடம். தட்டுக் கதை இப்படி அமர்கிறது:

2-3: “தட்டு எடுத்து வை.” பாட்டியின் குரல்.
4-5: பாட்டிக்கு ஒரு தட்டு. நசுங்கிய தட்டு. மாமாவுக்கு ஒரு தட்டு. பெரிய தட்டு.
6-7: தம்பிக்கு ஒரு தட்டு. பூ வரைந்த தட்டு. அம்மாவுக்கு ஒரு தட்டு. பெயர் வெட்டிய தட்டு.
8-9: எனக்கு ஒரு தட்டு. மேலிருந்து பார்க்கும் படம், எல்லோரும் வட்டமாக.
10-11: மாமா எண்ணினார். “ஐந்து பேர். ஆறு தட்டு! யாருக்கு இந்தத் தட்டு?”
12-13: எழுத்து இல்லை. மழையில் நனைந்த தெரு, லாரியின் முன்விளக்கு.
14-15: அப்பாவுக்கு ஒரு தட்டு.
16: கழுவிக் கவிழ்த்த ஆறு தட்டுகள். கீழே பதிப்பு விவரம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். கேள்வி 11ஆம் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தின் கடைசியில் வருகிறது. பதிலுக்குத் தாளைத் திருப்பியாக வேண்டும். அதே கேள்வியை 12ஆம் பக்கத்தில் வைத்தால் பதில் எதிரிலேயே தெரியும், கதை அங்கேயே புஸ்ஸென்று போய்விடும். டம்மி இல்லாமல் வேர்டு கோப்பில் எழுதுபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

இன்னொன்று, 8-9 மட்டும் ஒரே தாள். மடிப்பு இருக்கும், ஆனால் படம் வெட்டுப்படாது. மற்ற இரட்டைப் பக்கங்களில் இடமும் வலமும் வேறு வேறு தாளிலிருந்து வருவதால் ஒரு மில்லிமீட்டராவது ஏறி இறங்கும். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும் பெரிய படத்தை நடுவில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

6. வரிகளை எழுதுங்கள், பிறகு பாதியை எடுங்கள்

குறிப்புகளை டம்மியில் ஒட்டியபின் முழு வரிகளை எழுதுங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும்.

முதலில் எழுத்துச் சுமை. அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி, மாமா ஆகியவற்றில் வருவது புள்ளியும் துணைக்காலும் மேல்விலங்கும்தான். முதலில் கற்கும் குறிகள். கொ, கோ மாதிரி எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்பவை கடினம், குழந்தை முதலில் கொம்பைப் பார்த்துக் ‘கெ’ என்று தொடங்கி மாட்டிக்கொள்ளும். அவற்றை ஒழிக்க வேண்டாம், ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் வராமல் பார்த்தால் போதும். வந்த கடினச் சொல்லைத் திரும்பத் திரும்ப வரவையுங்கள். மூன்றாவது முறை குழந்தை அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். “ஒரு தட்டு” திரும்பத் திரும்ப வருவது அலங்காரத்துக்காக வந்ததல்ல.

அடுத்தது சேர்த்து எழுதுவது. “வந்துவிட்டாரென்று”, “சாப்பிடாமலிருந்தாள்” போன்றவற்றைப் பிரித்து எழுதுங்கள், அல்லது வாக்கியத்தையே மாற்றுங்கள். நீளமான ஒரு சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் குழந்தைக்கு முதல் பாதி மறந்துவிடும்.

ஒற்று மிகுவதும் அப்படித்தான். “பாட்டிக்குப் பெரிய தட்டு” என்றால் ‘ப்’ வந்தே தீர வேண்டும், குழந்தைப் புத்தகம் என்று சொல்லி ஒற்றை விட்டுவிட முடியாது. ஆனால் “பாட்டிக்கு ஒரு தட்டு” என்றால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஒற்றே வேண்டாம். பிழை விடாமலே சுமையைக் குறைக்கும் வழி இது. எல்லா இடத்திலும் முடியாது; “இந்தத் தட்டு” என்ற இடத்தில் ‘த்’ இருக்கத்தான் செய்கிறது.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்று கேட்பார்கள். கதை சொல்லும் வரி எழுத்துத் தமிழில், மேற்கோளுக்குள் பேச்சு. பெரும்பாலான கதைக்கு இது ஒத்துவரும். பேச்சு வரிகளுக்கு ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: “வந்துட்டாங்க” என்று ஒரு பக்கத்திலும் “வந்திட்டாங்க” என்று இன்னொரு பக்கத்திலும் எழுதினால், குழந்தைக்கு அவை இரண்டு வேறு சொற்கள்.

நடைக்கு ஒரு சோதனை. “எனது தந்தை தினந்தோறும் அதிகாலையில் எழுந்து பணிக்குச் சென்றுவிடுவார்” என்று எழுதியிருந்தால், சத்தமாக வாசித்துப் பாருங்கள். “விடியும் முன்பே அப்பா கிளம்பினார்” போதும்.

எழுதி முடித்ததும் வெட்டுங்கள். படத்தில் தெரிவதை எழுத்தில் சொல்லாதீர்கள். “மழை பெய்துகொண்டிருந்தது” வேண்டாம், ஜன்னலில் தெரியும். “அன்போடு”, “மகிழ்ச்சியாக”, “ஆசை ஆசையாக” எல்லாவற்றையும் அடியுங்கள், முகத்தில் தெரியும். கடைசியில் வரும் “குடும்பம் என்றால்…” என்ற வரியையும் அடியுங்கள். அது கண்டிப்பாக இருக்கும்.

7. ஓவியம் தொடங்கும் முன் குழந்தையிடம் கொடுங்கள்

டம்மியில் குச்சி மனிதர்களை வரைந்து, வரிகளைப் பெரிதாக எழுதி, குழந்தையின் கையில் கொடுங்கள். நீங்கள் வாசித்துக் காட்டக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். நின்ற இடத்தை உங்கள் பிரதியில் வட்டமிடுங்கள். இரண்டு மூன்று குழந்தைகள் ஒரே இடத்தில் நின்றால் அந்தச் சொல் மாற வேண்டும். ஒருவர் மட்டும் நின்றால் விடலாம்.

“நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் நல்லா இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். 11ஆம் பக்கத்தில் கையை வைத்துத் தடுத்து, “யாருக்கு இருக்கும்?” என்று கேளுங்கள். பதில் வந்தால் கதை ஓடுகிறது. பூனைக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, சாமிக்கு என்று எது வந்தாலும் சரி. தோளைக் குலுக்கினால் 4ஆம் பக்கத்திலிருந்து திரும்ப வேலை இருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஓவியம் முடிந்தபின் வரியை மாற்றினால் படமும் மாற வேண்டும். குச்சி மனிதனை அழிக்க ரப்பர் போதும்.

8. ஓவியருக்கு என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது

இரண்டு தாள் தயார் செய்யுங்கள். முதலாவது ஆட்கள் தாள்: ஆறு பேரும் வரிசையாக நிற்கும் ஒரு படம், உயரம் தெரிய. தம்பி பாட்டியின் இடுப்புவரை என்றால் எல்லாப் பக்கத்திலும் இடுப்புவரைதான். கதை ஒரே இரவில் நடப்பதால் உடையும் மாறக் கூடாது. சின்னக் குழந்தைகள் ஆளை அடையாளம் காண்பது முகத்தைவிடச் சேலை நிறத்தாலும் மூக்குக் கண்ணாடியாலும்தான். 6ஆம் பக்கத்தில் பச்சைச் சேலை, 9ஆம் பக்கத்தில் நீலம் என்றால், “இவங்க யாரு?” என்று கேட்கும்.

இரண்டாவது காட்சித் தாள்: ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துக்கும் எழுத்தில் இல்லாதது எது என்று ஒரு வரி. தட்டுக் கதையில் அப்பாவைப் பற்றி 14ஆம் பக்கம்வரை ஒரு சொல் கிடையாது. ஆனால் 2-3இல் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம், 6-7இல் தம்பி கையில் பொம்மை லாரி, 8-9இல் மூலையில் ஆறாவது தட்டு. எவர்சில்வர் தட்டின் விளிம்பில் நம் வீடுகளில் பெயர் வெட்டியிருப்பார்கள். அந்த ஆறாவது தட்டில் வெட்டிய பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. அதே பெயர் 12-13இல் லாரியின் முகப்பில் முழுசாக எழுதியிருக்கிறது. இரண்டாவது முறை வாசிக்கும் குழந்தைதான் இதைக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டும். படப் புத்தகத்தில் மறுவாசிப்பு இப்படித்தான் வருகிறது.

நீங்கள் சொல்லாவிட்டால் ஓவியர் பழக்கத்தில் வரைந்துவிடும் விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலறையில் கரண்டியோடு அம்மா, செய்தித்தாளோடு அப்பா, எல்லோரும் ரோஜாப்பூ நிறத்தில். தட்டுக் கதையில் பரிமாறுவது மாமா. கரண்டி அவர் கையில் என்று எழுதி வைத்துவிட வேண்டும். மற்றபடி திரைச்சீலை என்ன நிறம், பாட்டி எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதெல்லாம் ஓவியரின் வேலை, அதில் தலையிடாதீர்கள்.

எண்ணிக்கை வரும் கதை என்றால் ஒவ்வொரு படத்திலும் எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் கண்டிப்பாக எண்ணுவார்கள். ஆறு தட்டு என்று எழுதி ஐந்து வரைந்த புத்தகம் அவர்களிடம் தப்பவே தப்பாது.

பணம், உரிமை இரண்டையும் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள், நண்பராக இருந்தாலும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். மறுபதிப்பு, மின்னூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புத்தகம் நன்றாகப் போகும்போதுதான் சண்டை வரும்.

9. எழுத்துரு, வரி, பக்க அமைப்பு

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் கிறுக்கலாக வரும். யூனிகோடில் இருங்கள். பக்க வடிவமைப்பு இன்டிசைனில் என்றால் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறு என்றே தெரியாது.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் “ராமா”, “மரம்” ஆகிய இரண்டு சொற்களை அச்சிட்டுப் பாருங்கள். பல அழகான எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும், புதிதாக வாசிப்பவருக்குப் புரியாது. ‘ர’வுக்குக் கீழே சாய்கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் புள்ளியின் பருமனும் பார்க்க வேண்டிய மற்றவை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சுக்கும் பயன்படுத்தலாம். ஆடம்பர எழுத்துரு வேண்டுமென்றால் அட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் அளவு 20 முதல் 24 பாயின்ட், வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்கு. மேலே கொக்கியும் கீழே சுழியும் போகும் எழுத்து நம்முடையது, நெருக்கினால் முட்டிக்கொள்ளும். இருபுறமும் சமன் செய்யாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடப்பக்கம் சீராக, வலப்பக்கம் விட்டபடி. வரியைப் பொருள் முடியும் இடத்தில் நீங்களே உடையுங்கள்:

பாட்டிக்கு ஒரு தட்டு.
நசுங்கிய தட்டு.

எழுத்தைப் படத்தின்மேல் வைப்பதாக இருந்தால் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லி ஓவியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். புல், ஓலை, பூப்போட்ட சேலை இவற்றின்மேல் வைத்தால் புள்ளிகள் காணாமல் போகும். மடிப்பு ஓரத்தில் எழுத்தோ முகமோ வரக் கூடாது.

10. அச்சகத்துக்குப் போகும்போது

உண்மையில் அச்சகத்துக்கு ஒரு நடை ஓவியம் தொடங்கும் முன்பே போய்விட வேண்டும். எந்த அளவில் வெட்டினால் தாள் வீணாகாது என்று கேட்டு, அந்த அளவையே ஓவியருக்குக் கொடுங்கள். சதுரம் அழகுதான், ஆனால் சில அச்சகங்களில் ஓரம் நிறைய வெட்டிப் போடுவார்கள், அந்தக் காசும் உங்களுடையதுதான்.

கோப்பில் பார்க்க வேண்டியவை: படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம், எழுத்து விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே, எழுத்து தனிக் கறுப்பில் மட்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால் சற்று நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும், சின்னப் புள்ளியெல்லாம் மங்கிவிடும்.

திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே என்ற நான்கு வண்ண அச்சில் அடங்கிப் போகும். மாநிறம், கருநிறத் தோல் இன்னும் சிக்கல். மை உறிஞ்சும் மேப்லித்தோ தாளில் முகபாவமே தெரியாமல் இருண்டுவிடலாம். அதனால் முகங்கள் அதிகம் உள்ள ஒரு இரட்டைப் பக்கத்தை, நம் கதையில் 8-9ஐ, அதே தாளில் புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும். தாள் 130 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேட் ஆர்ட், அட்டை 250 அல்லது 300, மேட் லேமினேஷன். பளபள லேமினேஷன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்.

சில நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரம் போல என்றால் ஆஃப்செட். முதல் புத்தகத்துக்கு ஆயிரம் அடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். குறைவாகத் தொடங்குங்கள்.

பின் அடிக்கும் இடத்தில் நேரில் நின்று, பின்னின் கால் உள்பக்கம் தட்டையாக மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிரியும் பின் சின்ன விரலைக் குத்தும்.

11. எண், பிரதி, இணையம்

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தானே பதிப்பிக்கும் எழுத்தாளரும் வாங்கலாம். வர நாளாகலாம் என்பதால் ஓவிய வேலை நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இதற்காக அச்சு காத்திருக்கக் கூடாது.

புத்தகம் வெளிவந்ததும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டோரிவீவரில் ஏற்ற நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். அங்கே கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். நிறையப் பேரிடம் கதை போய்ச் சேரும், ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஓவியரின் சம்மதமும் அதற்குத் தனியாக வேண்டும். அச்சுப் பிரதியை விற்றுப் போட்ட காசை எடுக்க நினைத்தால், முதல் பதிப்பு தீரும்வரை அதைத் தள்ளி வையுங்கள்.